சோம்பேறி இல்லடா அவன்: ஜவ்வாது மலையில் ஒரு துணை தேடிய கதை

போன வாரம் எபிசோட் வரல, மன்னிக்கணும். ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்றால் ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூரிலிருந்து இன்னும் உள்ளே போகணும். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாமரத்தடியில் நின்றால் இரண்டு கோடு சிக்னல் வரும். ஃபோன் பேசலாம். எபிசோட் ஏற்ற முடியாது.

வழக்கமாக இங்கே வேலை, இன்டர்வியூ, கோடிங், முதல் தலைமுறையாகப் படித்து வந்தவன் சிட்டியில் படும் பாடு, இதைத்தான் பேசுவோம். இன்றைக்கு என் அக்கா மகனைப் பற்றிப் பேசப் போகிறேன். அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன். "பேரு மட்டும் சொல்லாத. மத்தத சொல்லு, நாலு பேருக்கு ஆவட்டும்" என்றாள்.

பையனுக்கு ஒன்பது வயது. மலையிலேயே அரசுப் பள்ளியில் நாலாம் வகுப்பு. போன வருஷம் பொங்கலுக்கு நான் போயிருந்தபோது அவன் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து, "எங்க, இந்தப் பக்கத்தைப் படி" என்றேன். மாமாவாச்சே, அந்த உரிமை. 'பலகை' என்று இருந்ததை 'பகலை' என்றான். அடுத்த வரிக்குப் போகாமல் அதே வரியைத் திரும்பப் படித்தான். அப்புறம் படிக்கிற மாதிரியே, படத்தைப் பார்த்து ஒரு கதையைச் சொந்தமாகச் சொல்ல ஆரம்பித்தான். நல்ல கதைதான். எனக்குக் கோபம் வந்தது. "நான் உன் வயசுல தெரு விளக்கு இல்லாம படிச்சவன்டா, உனக்கு எல்லாம் இருந்தும் சோம்பேறித்தனம்" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அவன் அழவில்லை. புத்தகத்தை மூடி அடுக்கிவிட்டு ஆட்டுப்பட்டிக்குப் போய்விட்டான்.

அன்றைக்கு ராத்திரி அக்கா சொன்னது இது: "சோம்பேறி இல்லடா அவன். தினமும் ஸ்கூல் விட்டு வந்து என் பக்கத்துல உக்காந்து ஒரு மணி நேரம் எழுதுறான். மறுநாள் காலைல அதே எழுத்த முதல் தடவ பாக்கற மாதிரி பாக்கறான். எனக்கு யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல."

இந்த எபிசோட் அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றியது. யாரிடம் கேட்பது?

அதற்கு முன்னால் அவள் யார் யாரிடம் எல்லாம் கேட்டாள் என்று சொல்ல வேண்டும். மாமியாரிடம் கேட்டாள், செல்லம் கொடுத்துக் கெடுத்துட்ட என்றார்கள். தாயத்து கட்டினார்கள், மந்திரித்தார்கள். ஒரு ஆசிரியர், பாவம் நல்ல மனுஷன்தான், "எட்டாவது வரைக்கும் ஆல் பாஸும்மா, கவலைப்படாதீங்க" என்றார். கீழே இறங்கி ஒரு ஊரில் தனியார் மையம் ஒன்றுக்குப் போனாள். வாரம் இரண்டு செஷன், ஒரு செஷனுக்கு 600 ரூபாய் என்றார்கள். நூறு நாள் வேலையில் ஒரு நாள் கூலி தமிழ்நாட்டில் 2025-26க்கு 336 ரூபாய். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், பஸ் காசு தனி.

அந்த ஆல் பாஸ் விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகளை நிறுத்தக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மத்திய அரசு 2024 டிசம்பரில் தன் பள்ளிகளில் அதை எடுத்தபோது தமிழ்நாடு எடுக்க மாட்டோம் என்றது, அது சரிதான். நிறுத்தி வைத்தால் எங்கள் மலைப் பிள்ளைகள் எஸ்டேட் வேலைக்குத்தான் போவார்கள். ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. சாஃப்ட்வேரில் 'சைலன்ட் ஃபெயில்யர்' என்போம். ப்ரோக்ராம் எர்ரர் காட்டாமலே ஓடிக்கொண்டிருக்கும், உள்ளே தரவு தப்பாகிக்கொண்டே போகும். ஒரு பையன் எழுத்துக் கூட்டத் தெரியாமலே ஒன்பதாம் வகுப்புக்குப் போய் நிற்கும் நாளில்தான் எர்ரர் மெசேஜ் வருகிறது. அதற்குள் அவனே 'நான் மக்கு' என்று முடிவு செய்திருப்பான்.

சரி, அவனுக்கு என்ன பிரச்சினை? இப்போது எங்களுக்குத் தெரிந்த வரை, அதன் பெயர் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு. அதில் வாசிப்பைத் தாக்குவதை டிஸ்லெக்ஸியா என்பார்கள், எழுதுவதில் வருவது டிஸ்கிராஃபியா, கணக்கில் வருவது டிஸ்கால்குலியா. அறிவு சாதாரணமாகவே இருக்கும். கண் தெரியும், காது கேட்கும். எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் இடத்தில் மட்டும் மூளை வேறு மாதிரி வேலை செய்கிறது. சொல்லிக் கொடுத்தால் வருமா? வரும். ஆனால் சொல்லிக் கொடுக்கும் முறை மாறணும், நேரம் அதிகம் ஆகும்.

தமிழில் இது எங்கே இடிக்கிறது என்று பார்த்தேன். ஆங்கிலம் மாதிரி எழுத்து ஒன்று உச்சரிப்பு ஒன்று என்ற குழப்பம் தமிழில் குறைவு. ஆனால் 247 எழுத்து. அதிலும் 'கெ', 'கே', 'கை' எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, சொல்லும்போது அந்த ஒலி பின்னால் வருகிறது. 'கொ' என்றால் இரண்டு பக்கமும் காவல் நிற்கிற மாதிரி குறிகள். நாம் இதை யோசிப்பதே இல்லை. யூனிகோடில் 'கெ' எப்படிச் சேமிக்கப்படுகிறது தெரியுமா? முதலில் க, அப்புறம்தான் கொம்பு. திரையில் காட்டும்போது மட்டும் இடம் மாற்றிக் காட்டும். கம்ப்யூட்டருக்கே தனியாக விதி எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது, ஒரு குழந்தை அதைத் தன்னால் பிடித்துக்கொள்ளும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். பெரும்பாலான குழந்தைகள் பிடித்துக்கொள்கிறார்கள். சிலருக்கு அந்த விதியை ஒவ்வொன்றாகக் கையைப் பிடித்துக் காட்ட வேண்டும்.

நான் பொங்கல் முடிந்து சென்னை வந்ததும் ராத்திரி எல்லாம் உட்கார்ந்து தேடினேன். பிராயச்சித்தம் மாதிரி. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் தொண்ணூறுகளிலிருந்து இருக்கிறது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. எங்களுக்குக் கொஞ்சம் பக்கத்தில், வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் 'நம்பிக்கை நிலையம்' என்று குழந்தைகளுக்கான பிரிவு இருக்கிறது. பெற்றோரும் குழந்தையோடு தங்கிப் பயிற்சி எடுக்கும் முறை அங்கே உண்டு. எல்லாம் நல்ல இடங்கள். லிங்க், லிங்க்காக அக்காவுக்கு அனுப்பினேன். நாலு நாள் கழித்து மாமரத்தடியில் நின்று அவள் ஃபோன் செய்தாள். "எதையும் தொறக்க முடியலடா. தொறந்தாலும் எல்லாம் இங்கிலீஷ்ல இருக்குது. இதுல எங்க மொதல்ல போவணும்? அத மட்டும் சொல்லு."

அங்கேதான் என் மரமண்டைக்கு உறைத்தது. அவளுக்குப் பட்டியல் வேண்டாம். முதல் படி வேண்டும். அப்புறம் அந்தப் படியில் கூட ஏற ஒரு ஆள் வேண்டும்.

எங்கள் மலையில் இருப்பவர்களுக்கும், இதே மாதிரி கல்வராயன் மலையிலோ ஏற்காட்டிலோ கொல்லி மலையிலோ இருந்து கேட்பவர்களுக்கும் நாங்கள் போன வழியைச் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. இது ஒரு தாய்மாமன் சொல்கிற வழி.

முதலில் கண், காது. இதைத் தாண்டிப் போகவே கூடாது. கரும்பலகை தெரியாத பிள்ளையும் தப்பாகத்தான் எழுதும். பள்ளிகளுக்கு வருஷா வருஷம் ஒரு வேனில் மருத்துவக் குழு வருகிறதே, அது தேசிய சிறார் நலத் திட்டம், 2013இல் தொடங்கியது. பிறந்ததிலிருந்து 18 வயது வரை. அவர்கள் பார்க்க வேண்டிய 30 வகைக் குறைகளின் பட்டியலில் கற்றல் குறைபாடும் இருக்கிறது, கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும் சேர்ந்த ஏடிஹெச்டியும் இருக்கிறது. ரத்தசோகை, பல், தோல் என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள், ஏனென்றால் யாரும் இதைக் கேட்பதில்லை. கேளுங்கள். சந்தேகம் இருந்தால் அவர்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுக்க முடியும். அங்கே செலவு இல்லை.

அடுத்தது பள்ளி. தலைமை ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "சார், நலம் நாடி செயலில என் பையன் பேர ஏத்தியிருக்கீங்களா?" 2022இல் பள்ளிக் கல்வித் துறை கொண்டு வந்த செயலி அது. வகுப்பாசிரியரே பிள்ளைகளிடம் 21 வகைக் குறைபாடுகளின் அறிகுறி இருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்யலாம். பெயர் ஏறினால் வட்டார வள மையத்துக்கு விஷயம் போகும். ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் ஒரு வட்டார வள மையம் உண்டு. அதில் சிறப்பு ஆசிரியர்கள் இருப்பார்கள். அவர்கள் வேலையே இந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கு வந்து பார்ப்பதுதான். இவ்வளவு நாள் மலையில் இருந்த எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் இது தெரியாது. நான் அதே மலையில் பத்தாவது வரை படித்தவன், எனக்கும் தெரியாது.

அக்கா கேட்டாளா? முதல் தடவை கேட்கவில்லை. பள்ளி வாசல் வரை போய்த் திரும்பி வந்துவிட்டாள். "என்ன கேக்கணும்னு மனப்பாடம் பண்ணிக்கினு போனேன், சார பாத்ததும் மறந்துபோச்சு" என்றாள். சிரிக்காதீர்கள். அவள் ஐந்தாவது வரை படித்தவள். பள்ளிக்கூடம் என்றாலே திட்டு வாங்கும் இடம் என்று அவள் உடம்புக்குத் தெரியும். இப்போது யோசித்தால் அவளுக்கும் இதே பிரச்சினை இருந்திருக்கலாம். இது குடும்பத்தில் வரக்கூடியது. யார் சோதித்துப் பார்த்தார்கள் அந்தக் காலத்தில்?

இரண்டாவது தடவை அவள் தனியாகப் போகவில்லை. பக்கத்து ஊர் பெண் ஒருத்தி. அவள் மகளும் அதே பள்ளி. ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது பேச்சு வந்திருக்கிறது. "உன் புள்ளையும் அப்படித்தானா?" அவ்வளவுதான். அந்த வரிசையில் ஆரம்பித்தது. இரண்டு பேரும் சேர்ந்து போனார்கள். ஒருத்தி மறந்ததை இன்னொருத்தி கேட்டாள்.

ஒரு அலுவலகத்தில் "அந்தப் பள்ளி வேற துறைக்குக் கீழ வருதும்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். மலையில் பல பள்ளிகள் பழங்குடியினர் நலத் துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள், சில பள்ளிக் கல்வித் துறை, அது உண்மைதான். ஆனால் குழந்தைக்குத் துறை தெரியாதே? மனுவாக எழுதி, நகலில் சீல் வாங்கினோம். நகல் வாங்குவதை மறக்காதீர்கள். வாய் வார்த்தைக்கு அடுத்த மாதம் சாட்சி இருக்காது.

மூன்று வாரத்தில் சிறப்பு ஆசிரியை வந்தார். பையன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் விளையாடினார் என்றுதான் அக்கா நினைத்தாள். அவர் சோதித்துக்கொண்டு இருந்திருக்கிறார். முடித்துவிட்டு அக்காவிடம் சொன்னது: "உங்க மேல தப்பில்லம்மா. அவன் மேலயும் இல்ல." அக்கா இதை என்னிடம் சொல்லும்போது ஃபோனில் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து நான் ஹலோ, ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த ரேஷன் வரிசை பற்றி. ஐந்து வீடுகள் சேர்ந்திருக்கின்றன. இதைச் சங்கம், அமைப்பு என்று எல்லாம் சொல்லாதீர்கள், அவர்களே சிரிப்பார்கள். மாதத்தில் அரிசி வாங்க வரும் நாளில் வாங்கி முடித்துவிட்டு, கடைக்குப் பின்னால் புளிய மரத்தடியில் உட்காருகிறார்கள். ஐந்து பிள்ளைகளின் கதையும் ஐந்து விதம்.

ஒரு பையனுக்குக் காதில் சீழ் வடிந்து வடிந்து கேட்கும் திறன் குறைந்திருந்தது. அவனுக்குக் கற்றல் குறைபாடே இல்லை, வைத்தியம் பார்த்தார்கள், முன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இன்னொரு பையன் அப்பா அம்மாவோடு கர்நாடகா காப்பித் தோட்டத்தில் வருஷத்தில் பாதியைக் கழித்தவன். அவனுக்கும் குறைபாடு இல்லை; பாடம் நடந்தபோது அவன் அங்கே இல்லை, அவ்வளவுதான். அவனுக்கு வேண்டியது விட்ட பாடம். இதைப் பிரித்துப் பார்ப்பது ரொம்ப முக்கியம். மலைப் பிள்ளை படிக்கவில்லை என்றால் உடனே மூளையில் கோளாறு என்று முத்திரை குத்துவது, 'அவங்க அப்படித்தான்' என்று விடுவதைப் போலவே தப்பு.

மூன்றாவது, ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு பையன். வகுப்பில் ஐந்து நிமிஷம் உட்கார மாட்டான். நாலாவதுதான் அந்தப் பக்கத்து ஊர் பெண்ணின் மகள். அவள் ஓடவே மாட்டாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அமைதியான பிள்ளை என்று எல்லாரும் பாராட்டினார்கள். கேட்டால் பாதிப் பாடம் காதில் விழுந்திருக்காது. இரண்டுக்கும் ஏடிஹெச்டி என்றே பெயர் என்று தெரிந்தபோது அந்த அம்மா நம்பவே இல்லை. பெண் பிள்ளைகளுக்கு இது தாமதமாகத்தான் கண்ணில் படுகிறது, ஏனென்றால் அவர்கள் யாருக்கும் தொல்லை தருவதில்லை.

இங்கே எனக்குக் கோபம் வரும் ஒரு விஷயம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை இருக்கின்றன. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அதில் வந்துவிட்டது, பெரிய விஷயம். ஏடிஹெச்டி அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. அதாவது வேனில் வரும் டாக்டர் தேட வேண்டிய பட்டியலில் இருக்கிறது, சான்றிதழ் தரும் பட்டியலில் இல்லை. இரண்டு டேபிளும் ஒன்றோடு ஒன்று சேரவில்லை. அந்த இரண்டு அம்மாக்களுக்கும் காகிதத்தில் கிடைப்பது ஒன்றுமில்லை, ஆசிரியரின் நல்ல மனசுதான். நல்லவேளை அந்த ஆசிரியருக்கு மனசு இருந்தது. ஓடும் பையனுக்குச் சாக்பீஸ் எடுத்து வருவது, நோட்டு அடுக்குவது, கரும்பலகை துடைப்பது எல்லாம் அவன் வேலை. எழுந்திருக்க அனுமதி கிடைத்ததும் உட்காருவதும் கொஞ்சம் கூடியது. அந்தப் பெண்ணுக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்வது, சொன்னதைத் திரும்பச் சொல்ல வைப்பது. மருந்து வேண்டுமா வேண்டாமா என்பது மனநல மருத்துவர் சொல்ல வேண்டியது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் விஷயம் இல்லை அது.

எங்கள் பையனுக்கு வீட்டில் என்ன செய்கிறோம்? அந்த ஆசிரியை முறத்தில் மணல் பரப்பி விரலால் எழுதச் சொன்னார். வாயால் சொல்லணும், கண்ணால் பார்க்கணும், விரலால் தொடணும், மூன்றும் ஒரே நேரத்தில். அமெரிக்காவில் 1930களில் ஆர்ட்டன், கில்லிங்ஹாம் என்று இரண்டு பேர் உருவாக்கிய முறையின் அடிப்படை இதுதான் என்று அப்புறம் படித்தேன். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில்தானே எழுதினார்கள்? நாம் சிலேட்டுக்கு மாறி, நோட்டுக்கு மாறி, மறந்துவிட்டோம். எங்கள் வீட்டில் மணலுக்குப் பதில் சாமை. மலையில் அது எப்போதும் இருக்கும். ஒரு நாளைக்கு 15 நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம் என்றார். ஒரு மணி நேரம் உட்கார வைத்த காலம் போய்விட்டது. அக்காவுக்கு அதுவே பெரிய விடுதலை. ஒரு வாரம் 'கெ' வரிசை மட்டும். எழுதி முடித்ததும் சாமையைப் புடைத்துக் கொட்டிவிடுவாள். எழுத்து கல்லில் பதிய வேண்டியதில்லை, தினமும் அழித்து எழுதலாம் என்பது பையனுக்குப் பிடித்திருக்கிறது. நோட்டில் சிவப்பு மையில் சுழித்தது அப்படியே நிற்குமே.

நான் என்ன செய்தேன்? முதலில் ஒரு ஆப் செய்ய உட்கார்ந்தேன். வேறென்ன, நம்ம வியாதி அது. இரண்டு வாரம் டிசைன் செய்து, ஊருக்குப் போய்ப் போட்டால் லோட் ஆகவே இல்லை. அப்புறம் எனக்குத் தெரிந்த இன்னொரு வேலையைச் செய்தேன். அவன் வகுப்புத் தமிழ், அறிவியல், சமூக அறிவியல் பாடங்களை இதே மைக்கில் நிதானமாகப் படித்துப் பதிவு செய்து, மெமரி கார்டில் போட்டு அக்காவின் பட்டன் ஃபோனில் செருகிவிட்டேன். இப்போது அவன் ஆடு மேய்த்துக்கொண்டே பாடம் கேட்கிறான். அறிவியலில் வகுப்பிலேயே முதலில் கை தூக்குகிறானாம். ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இது அவனுக்குப் பாடத்தைக் கொடுக்கிறது, வாசிப்பைக் கொடுக்காது. வாசிப்பு அந்தச் சாமை முறத்தில்தான் வர வேண்டும். 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பார்களே, அவன் இன்னும் அரும்பில்தான் இருக்கிறான். ஒரு வருஷத்தில் இரண்டு எழுத்துச் சொற்களிலிருந்து நான்கு எழுத்துச் சொற்களுக்கு வந்திருக்கிறான்.

வாட்ஸ்ஆப்பில் வரும், "ஐன்ஸ்டீனுக்கும் டிஸ்லெக்ஸியா இருந்ததாம்" என்று. 2007இல் 'தாரே ஜமீன் பர்' வந்த பிறகு எல்லாரும் கேட்பது, "பையன் நல்லா படம் வரைவானா?" வரைய மாட்டான். அவன் சாதாரணப் பையன். ஆடு எண்ணுவான், பொய் சொல்வான், பலாச்சுளைக்குச் சண்டை போடுவான். மேதையாக இருந்தால்தான் அவனுக்கு உதவணுமா என்ன?

பெற்றோருக்கு என்று ஒரு விஷயம். அக்கா ராத்திரி தூங்காமல் இருந்த மாதங்கள் உண்டு. அவளை யாரும் நோயாளி என்று நினைக்கவில்லை, அவளும் நினைக்கவில்லை. 14416 என்று ஒரு எண் இருக்கிறது, டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், 24 மணி நேரமும், தமிழில் பேசலாம். பிள்ளைக்காக மட்டும் இல்லை, உங்களுக்காகவும் பேசலாம். படிப்பு சம்பந்தமாக என்றால் 14417, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். பட்டன் ஃபோனிலும் போகும். மாமரத்தடி இருந்தால் போதும்.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோது தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் இருக்கும் அமர் சேவா சங்கம் பற்றிப் படித்தேன். 1981இல் ராமகிருஷ்ணன் என்பவர் தொடங்கியது. முதுகுத்தண்டில் அடிபட்டு கழுத்துக்குக் கீழே அசைவை இழந்தவர் அவர். அவர்கள் வளர்ச்சி தாமதமான சின்னக் குழந்தைகளுக்குச் செய்வது என்னவென்றால், கிராமத்திலேயே ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அவர் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கிறார், நிபுணர்கள் பின்னால் இருந்து வழிகாட்டுகிறார்கள். குழந்தையை பஸ் ஏற்றி அறிவிடம் கொண்டுபோகாமல், அறிவை பஸ் ஏற்றி அனுப்புவது. எங்கள் மலைக்கு அது வேண்டும். இல்லம் தேடிக் கல்விக்குத் தன்னார்வலர்களைத் திரட்ட முடிந்த மாநிலம் இது, இதையும் செய்ய முடியும். ஐந்து அம்மாக்களில் ஒருத்தி பன்னிரண்டாவது வரை படித்தவள். அவளுக்கு ஒரு மாதப் பயிற்சியும் கொஞ்சம் சம்பளமும் கொடுத்தால் போதும் என்று தோன்றுகிறது.

கடைசியாக, இன்னும் முடியாத ஒரு விஷயம். சான்றிதழ்.

கற்றல் குறைபாட்டுக்கு எட்டு வயதுக்கு மேல்தான் சான்றிதழ் தருவார்கள். 14 வயதில் ஒரு தடவை, 18இல் ஒரு தடவை மறுபடி பார்க்க வேண்டும். 40 சதவீதம் என்ற அளவுகோல் இருக்கிறது. அது கிடைத்தால் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒரு ஆள், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு என்று கேட்டு விண்ணப்பிக்கலாம். தலைமை ஆசிரியர் வழியாகத்தான் போக வேண்டும். பரீட்சைக்கு முந்தின மாதம் ஓடினால் நடக்காது, ஒன்பதாம் வகுப்பிலேயே ஆரம்பிக்கணும். பரிசோதனைக்கு மாவட்ட மருத்துவமனைக்கு இறங்க வேண்டும். மலையிலிருந்து போளூர் வழியாகத் திருவண்ணாமலை போய்த் திரும்ப ஒரு முழு நாள், இரண்டு கூலி போகும்.

ஆனால் தடை பஸ் இல்லை. எங்க மாமா, அக்கா வீட்டுக்காரர். நல்ல மனுஷன். எஸ்டேட்டிலிருந்து வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "படிப்பு ஏறலன்னா உடு மாப்ள, ரெண்டு வருஷம் போவட்டும், என்கூட வரட்டும்" என்றார். அதற்கு அக்கா பதில் சொல்லிவிட்டாள், சத்தமாகவே சொன்னாள், அதை இங்கே சொல்ல முடியாது. அதற்கு அப்புறம் அவர் கேட்டதுதான் என்னை நிறுத்தியது. "ஊனமுற்றவன்னு கவருமெண்ட்டு சீட்டு வாங்கிட்டா, நாளைக்கு அவன எல்லாரும் அந்தக் கண்ணாலதானே பாப்பாங்க? எஸ்.டி. சீட்டு வாங்கறதுக்கே எங்கப்பா எத்தன வருஷம் அலைஞ்சாரு. இப்ப இது வேறயா?"

என்னிடம் பதில் தயாராக இருந்தது. சட்டம், சலுகை, பொதுத் தேர்வு, எல்லாம் தெரியும். சொல்லவும் செய்தேன். அவர் கேட்டுக்கொண்டு பீடியைப் பற்றவைத்தார். வாங்க வேண்டும் என்றுதான் நான் இன்னும் நினைக்கிறேன். காகிதம் பெட்டியில் இருக்கட்டும், தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம், யாரும் நெற்றியில் ஒட்டச் சொல்லவில்லை. ஆனால் வாழ்நாள் முழுக்க முத்திரைகளோடு வாழ்ந்தவர் ஒருத்தர் இன்னொரு முத்திரைக்குப் பயப்படுவதை மூடத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பையனுக்கும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் இல்லையா? ஒன்பது வயதுக்குப் புரியும் மாதிரி எப்படிக் கேட்பது என்று சிறப்பு ஆசிரியையிடம் கேட்டிருக்கிறேன்.

போன வாரம் கிளம்பும் அன்று காலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பொங்கலுக்குக் கத்தியதற்கு. அவன், "எந்தப் பொங்கல்?" என்றான். நிஜமாகவே மறந்துவிட்டானா, எனக்காகச் சொன்னானா தெரியவில்லை. அப்புறம், "மாமா, சமூக அறிவியல்ல மூணாவது பாடத்துல நீ நடுவுல இருமிட்ட, அத மாத்திக் குடு" என்றான்.

மாற்றிப் பதிவு செய்துவிட்டேன். அடுத்த ரேஷன் நாளில் அக்கா புதிதாக இன்னொரு அம்மாவைக் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறாள், மெமரி கார்டு இன்னும் இரண்டு வேண்டுமாம். அடுத்த வாரம் வழக்கம் போல இன்டர்வியூ கேள்விகளோடு வருகிறேன்.